கடற்காற்றுக்கு ஆசைப்பட்டு எடுத்த அறை

வேலை தேடி ஊர்காவற்றுறைக்குப் போனபோது, கடற்கோட்டை தெரியும் கரையோர வீட்டில் ஓர் அறை எடுத்தேன். காற்று நன்றாக வந்ததால் வேறெதையும் விசாரிக்கவில்லை. வீட்டு வளவுக் கிணற்றிலோ வாயில் வைக்க முடியாத உப்பு.

மறுநாள் மத்தியானம் தாகம் தாங்காமல் ஊருக்குள் அரை மைல் நடந்தேன். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றைக் கண்டதும் வாளியைப் பிடித்தேன். சாதி கேட்காமல் அங்கே யாரையும் அள்ள விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தாகத்தில் மறந்துவிட்டேன்.

"டேய், வாளியை விடு! நீ ஆர்? எந்தப் பகுதி?" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் கத்தினார்.

"தண்ணி விடாய்க்குது அண்ணை. கடற்கரையில தங்கியிருக்கிறன்."

"அப்ப போய்க் கடலைக் குடி!"

பூவரசந் தடிகளோடு மூன்று பேர் வந்தார்கள். தோளில் ஓர் அடி விழ, குடிக்காமலே ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது ஒரு பெண் அந்த வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எந்த ஊரிலும் பையைக் கீழே வைக்குமுன், "நல்ல தண்ணிக் கிணறு எங்கை? என்னை அள்ள விடுவினமோ?" என்று கேட்கிறேன். வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தால், அடுத்த தெருவுக்கு நடந்துவிடுகிறேன்.