பாவாயக்காவின் மலைக்கு எந்த லென்ஸ்?

1. கரையான் புற்று

"மலை எங்கீங்க தம்பி?" என்று பாவாயக்கா கேட்டார்.

நான் கொண்டுபோன படம் கட்டில் முழுக்க விரிந்து கிடந்தது. இருபத்தொன்று எம்.எம். லென்ஸில் எடுத்தது. இடது ஓரத்தில் தென்னந்தோப்பு, வலது ஓரத்தில் கோழிப்பண்ணை, மேலே பாதிக்கு வானம், கீழே பாதிக்குச் சோளக்காடு. நடுவில் கொல்லிமலை. அதாவது கொல்லிமலை இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் உயரத்துக்கு நீலமாக ஒன்று. அதைத் தொட்டுக் காட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதா? கரையான் புத்தாட்டமல்ல இருக்குது."

என் வேலையை முகத்துக்கு நேராக அப்படிச் சொன்ன ஆள் இந்தப் பக்கத்தில் அதுவரை கிடையாது. நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு அரையாண்டோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. ராசிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் கழுவப் போனேன். இன்று சேலம், ராசிபுரம், நாமக்கல் என்று மூன்று ஊரிலும் எனக்குச் சொந்த ஸ்டுடியோ. இந்த வட்டாரத்துக் கல்யாண ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளை முகம் தெளிவாக இருந்தால் அது நான் எடுத்தது. தெளிவில்லாவிட்டால் வேறு யாரோ.

கல்யாண வேலையை மகனிடம் விட்டுவிட்டு எனக்கென்று ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கினேன். பார்க்கப் பழைய பிலிம் கேமரா மாதிரி இருக்கும். "ஜூம் ஆகுமாங்க?" என்பார்கள். ஆகாது. "ஆட்டோ ஃபோகஸ்?" கிடையாது. "அப்பறம் எதுக்குங்க இது?" என்று கேட்பவர்களிடம் விலையைச் சொல்வேன். அதன் பிறகு கேள்வி வராது.

நல்லதம்பி அண்ணனும் அந்த விலையைக் கேட்டுத்தான் என்னிடம் வந்தார். பாவாயக்காவின் வீட்டுக்காரர். போர் போடும் ரிக் வண்டி முதலாளி. நாற்பது வருஷம் வண்டியோடு வடக்கே சுற்றியவர். மத்தியப் பிரதேசத்தில் எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மழைக்காலத்தில் மட்டும் ஊர் திரும்புவார். இப்போது வண்டிகளை மகனிடம் கொடுத்துவிட்டுச் சேலத்தில் மாடி வீடு கட்டியிருந்தார். மகன் வீடு பக்கம், ஆஸ்பத்திரி பக்கம். பால் காய்ச்ச நாளும் குறித்தாகிவிட்டது. ராசிபுரத்துக்குக் கிழக்கே இருக்கும் தோட்டத்து வீட்டை விட்டு வர பாவாயக்கா மட்டும் சம்மதிக்கவில்லை.

"காத்தால எந்திரிச்சு மலையப் பாத்தாத்தான் எனக்குப் பொழுது உடியும். அங்க வந்தா எதுத்த ஊட்டு ஏ.சி. பொட்டியத்தான் பாக்கோணும். மலை வந்தா நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டாராம்.

அண்ணன் போர் போடுகிற ஆள். எதற்கும் இயந்திரம் இருக்கும் என்று நம்புகிறவர். நேராக என் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

"மலையத் தூக்கியாந்து ஹால் செவுத்துல மாட்டிரோணும். செவுரு பன்னண்டு அடி. முடியுமா, முடியாதா?"

"எங்கிட்டக் கேக்கற கேள்வியாங்ணா இது?"

அந்த நாளுக்குள் மலை வராவிட்டால் அண்ணன் புது வீட்டில் தனியாகத்தான் பால் காய்ச்ச வேண்டும். அவருக்கு டீ கூடப் போடத் தெரியாது.

இயற்கைக் காட்சிக்கு அகல லென்ஸ் என்று ஊரே சொல்கிறது. சுவரும் அகலம். அதனால் என்னிடம் இருப்பதிலேயே அகலமான இருபத்தொன்றை மாட்டினேன். கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஜன்னலில் அந்த அகலம் அடங்காது என்பதால் கேமராவின் தலையில் தனியாக ஒரு ஃபைண்டர் வேறு சொருகினேன். தோட்டத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். படம் மேலே சொன்ன மாதிரி வந்தது.

நம் பக்கம் சமவெளி. அகல லென்ஸ் வேண்டிய அளவுக்கு அகலத்தைக் கொடுக்கும்; தூரத்தில் நிற்கிற மலையை இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடும். கிட்டத்தில் ஒரு பாறையோ வண்டியோ இருந்தால் அது படத்தைத் தாங்கும். நான் சோளத்தைத்தான் தாங்க விட்டிருந்தேன்.

கம்ப்யூட்டரில் மலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கலாம் என்று என் மகன் சொன்னான். சுண்டுவிரலை வெட்டிப் பன்னிரண்டு அடிக்கு இழுத்தால் அது புற்றாகக்கூட இருக்காது.

2. பஸ் படம்

"அக்காவுக்கு மலை பெருசா வேணும், அவ்வளவுதானே?" என்று அடுத்த வாரம் தொண்ணூறு எம்.எம். லென்ஸோடு போனேன்.

ரேஞ்ச்ஃபைண்டரில் தொண்ணூறைப் பிடிப்பது எல்லோருக்கும் வராது. நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. கேமராவின் மூலையில் தனியாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். எந்த லென்ஸ் மாட்டினாலும் ஜன்னலில் தெரிகிற காட்சி மாறாது. அதற்குள் வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டம் வரும். கட்டத்துக்குள் இருப்பது படம், வெளியே இருப்பது படத்தில் வராதது. தொண்ணூறுக்குக் கட்டம் தபால்தலை மாதிரி சின்னதாக நடுவில் நிற்கும். கை அசைந்தால் மலை ஓடிவிடும். எனக்கு ஓடவில்லை.

மழை பெய்து தூசி அடங்கிய சாயங்காலம். மேற்கிலிருந்து வெயில் நேராக மலை மேல் அடிக்கிறது. மடிப்பு மடிப்பாகப் பாறையும் காடும் தங்கத் தகடு மாதிரி. வேலியோரம் போய் நின்று எடுத்தேன். அந்தப் படத்தை இன்றும் நாமக்கல் ஸ்டுடியோவில் மாட்டி வைத்திருக்கிறேன். பார்க்காமல் யாரும் தாண்ட மாட்டார்கள்.

பாவாயக்கா பார்த்தார். நல்லதம்பி அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க தம்பி. டூரிஸ்ட் பஸ்ஸு மேல ஒட்டறதுக்கு."

"அக்கா!"

"பின்ன என்னுங்க? மலை ஊட்டு மேல உளுகறாப்பல நிக்குது. இதையப் பாத்துட்டு நான் சாணி வழிக்கறதா, ஓடறதா? எங்க மலை இந்த நெறத்துல இருந்து நான் பாத்ததே இல்ல."

"சாயங்காலம் பாருங்கக்கா, இப்படித்தான் இருக்கும்."

"சாயங்காலம் மாட்டப் புடிச்சுக் கட்டோணும், கோழிக்குத் தண்ணி காட்டோணும். மலைய எங்க பாக்கறது? நான் பாக்கறது காத்தால."

அண்ணன் என்னைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏனுங்க ஸ்டுடியோக்காரரே, நம்ம வண்டில ஆயிரம் அடி எறக்கியும் தண்ணி வராமப் புகை வந்தா, எடம் தப்புன்னு வண்டிய நகத்திருவோம். நீங்க எடத்த உட்டுட்டு ராடத்தான் மாத்தி மாத்தி மாட்டறீங்க."

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார் என்று கோபம் வந்தது. ஆனால் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கோபத்தை ஆல்பம் டெலிவரிக்குப் பிறகு காட்டுவதுதான் என் வழக்கம்.

3. மூடி

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டேன். பாவாயக்கா பால் கறந்து முடித்து, சமையலறைக்குள் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். சமையலறையின் பின்கதவு கிழக்கே பார்த்தது. அவர் அடுப்பிலிருந்து நிமிரும்போதெல்லாம் கதவு வழியாக ஒரு பார்வை போய்விட்டு வந்தது. நான் வேலியோரத்திலும் வரப்பிலும் கல் மேலும் நின்று எடுத்திருக்கிறேன். அந்த அடுப்பருகில் மட்டும் நின்றதில்லை.

"அக்கா, இங்கயே நில்லுங்க. இதுல பாருங்க" என்று கேமராவை அவர் கையில் கொடுத்தேன். என் கேமராவை என் மகனுக்குக்கூட நான் அப்படிக் கொடுத்ததில்லை.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, ஜன்னலில் கண்ணை வைத்தார்.

"அட! இதுதானுங்க தம்பி. இத்தன நாளா இதைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? மலை அது பாட்டுக்கு அது எடத்துல நிக்குது."

அண்ணன் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அட, மூடியே கழட்டலீங்களே!"

லென்ஸில் மூடி அப்படியே இருந்தது. நான் சொன்னேன் அல்லவா, ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் உலகம் தெரியும். எனக்குத் தெரியாமல் இல்லை. கழற்ற வேண்டிய தேவை இன்னும் வரவில்லை.

"இந்த மூலைல கருப்பா என்னமோ மறைக்குதே?" என்றார் அக்கா.

"அது லென்ஸுங்கக்கா. ஜன்னல் ஓரத்துல கொஞ்சம் மறைக்கும். பழகிருமுங்க. இப்பச் சொல்லுங்க, எதுலருந்து எது வரைக்கும் வேணும்?"

"பனமரத்துலருந்து மோட்டார் ரூம்பு வரைக்கும். அவ்வளவுதான் எனக்கு. அதுக்கு அக்கட்டால என்ன இருந்தா எனக்கென்ன?"

"அங்க பனமரம் இருக்குதா?" என்று அண்ணன் கேட்டார்.

அக்கா கேமராவிலிருந்து கண்ணை எடுத்து அவரை ஒரு பார்வை பார்த்தார். "கல்யாணமாயி நான் வரும்போதே இருந்துச்சுங்க."

என் மாடலில் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைத் தள்ளினால், லென்ஸை மாற்றாமலே மற்ற லென்ஸுகளின் கட்டங்கள் ஜன்னலில் மாறி மாறி வரும். அக்கா பார்த்துக்கொண்டிருக்க, நான் லீவரைத் தள்ளினேன். "இது?" "அத்தாம் பெருசு. கோழிப்பண்ணை வருது." "இது?" "இன்னும் பெருசுதான்." "இப்ப?" "ஆங், நிறுத்துங்க! இந்தப் பக்கம் பனமரம், அந்தப் பக்கம் மோட்டார் ரூம்பு. வேலி கட்டுனாப்பல இருக்குது."

அது ஐம்பது எம்.எம். கட்டம். எல்லாரும் கேமராவோடு முதலில் வாங்குவது, அப்புறம் பீரோவுக்குள் போடுவது. என்னிடமும் பீரோவுக்குள்தான் இருந்தது. நல்லவேளை, அன்று துணியில் சுருட்டிப் பையின் அடியில் போட்டு வந்திருந்தேன். மாட்டினேன். அடுப்பருகில் அக்கா நின்ற இடத்தில் நின்றேன். சூரியன் மலைக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. முகடு தாண்டி வந்துவிட்டால் லென்ஸுக்குள் வெளிச்சம் பாய்ந்து படம் வெளுத்துவிடும். வருவதற்கு முன்னால் எடுத்தேன். மலை நீலமாக, மடிப்பு எதுவும் தெரியாமல், போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது. போட்டிக்கு அனுப்பினால் பரிசு வராது. பாவாயக்கா பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக எனக்குக் காப்பி போட உள்ளே போனார்.

4. ஹால்

பால் காய்ச்சுகிற அன்று பன்னிரண்டு அடி மலை சேலத்து ஹாலில் ஏறிவிட்டது. பாவாயக்கா துணிமூட்டையோடும் ஆட்டுக்கல்லோடும் வந்து இறங்கினார். "மலை வந்துருச்சு, நானும் வந்துட்டேன்" என்றார். சொன்ன சொல் தவறாத மனுஷி. வந்தவர்களெல்லாம் படத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். எடுத்தது யார் என்று கேட்காதவர்களுக்கும் நான் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து நல்லதம்பி அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார். படம் உரிந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அதான் பிரச்சனையே. தெனமும் சோபாவுல உக்காந்து அதையே பாத்துட்டு இருக்கறேன். நாப்பது வருசம் அந்த ஊட்டுக்குச் சொந்தக்காரன். பொழுது உடியறப்ப அந்த மலை இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. மத்தியப் பிரதேசத்துல பாறையா பாத்துட்டுக் கெடந்திருக்கறேன்."

"அதுக்கு?"

"அதுக்கென்ன? நாளைக்குச் சாமானம் ஏத்தறோம். தோட்டத்துக்கே போறோம்."

பெண்டாட்டியைக் கூட்டிவர எடுத்த படம், புருஷனைத் திருப்பி அனுப்பிவிட்டது. வேறு எவன் படத்துக்கு இந்தச் சக்தி உண்டு? சேலத்து வீட்டை ஒரு பல் டாக்டருக்கு வாடகைக்கு விட்டார்கள். நோயாளிகள் வலியோடு மலையைப் பார்த்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர் ஒருநாள் போன் செய்து, "லேண்ட்ஸ்கேப்புக்கு வைடு லென்ஸ்தானே நல்லது, இது எதுல எடுத்தீங்க?" என்று கேட்டார். "முதல்ல எங்க நிக்கறீங்க, அதச் சொல்லுங்க டாக்டர்" என்றேன். வெயிட்டிங் ரூமில் என்றார். நல்ல மனுஷன்.

லென்ஸ் வாங்கப் போகிற புதுப் பையன்களுக்கு இதுதான் நான் சொல்வது. பீரோ நிறைய லென்ஸ் வைத்திருக்கிற நான் சொன்னால் கேட்கலாம். பார்க்கப் போகிறவர் எங்கே நின்று எதைப் பார்த்துப் பழகியவர் என்று முதலில் கேள். மூடியைக் கழற்றாமலே லீவரைத் தள்ளிப் பார். பிறகு பர்ஸைத் திற.

போன வாரம் அந்த வழியாகப் போனவன் தோட்டத்துக்குள் நுழைந்தேன். விடிந்துகொண்டிருந்தது. பாவாயக்கா அடுப்பருகில் நின்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக்கொண்டிருந்தார். பின்கதவு வாசலில், சரியாக நடுவில், நாற்காலி போட்டு நல்லதம்பி அண்ணன் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனமரம் தெரிந்தது. மோட்டார் ரூம் தெரிந்தது. மலை இருந்த இடத்தில் அண்ணனின் முதுகு இருந்தது.

"பாத்தீங்களா தம்பி கூத்த? காத்தால வந்து உக்காந்தா எந்திரிக்கறதில்ல. இந்த ஆளு தெரியாம மலை மட்டும் தெரியற லென்ஸு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

என் வாழ்க்கையில் ஒரு கஸ்டமர் கேட்டு நான் இல்லை என்று சொன்ன பொருள் அது ஒன்றுதான்.

"கொஞ்சம் மறைக்கத்தானுங்கக்கா செய்யும்" என்றேன். "பழகிருமுங்க."