அம்மா மரத்தில் வைத்த கல்

என் அப்பா லுவான் மாவ்லினுக்குச் சீனாவின் தாய் ஷான் மலையில் கல் எடுக்கும் வேலை. தரையிலிருந்து அல்ல, மரத்திலிருந்து. பீஷியா அம்மனைக் கும்பிட மலையேறுகிறவர்கள், படியோரத்து சைப்ரஸ் மரங்களின் கவட்டையில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். கல் நின்றால் குடும்பத்தில் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. கல் நன்றாகத்தான் நிற்கும். மரம்தான் பட்டை நசுங்கி, தண்ணீர் தேங்கி, அழுகிப்போகும்.

அதனால் அப்பா காலையில், பாலம் வரை தன் பொறுப்பிலுள்ள மரங்களிலிருந்து எல்லாக் கற்களையும் எடுப்பார். மத்தியானத்துக்குள் மறுபடி நிறைந்துவிடும். வைக்காதீர்கள் என்று சொன்னால் சாபம்தான் கிடைக்கும்.

"அடுத்தவ வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்கண்ணே! உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல?"

"இருக்கும்மா, ரெண்டு பொண்ணு. ரெண்டும் மரத்துல காய்க்கல" என்பார் அப்பா.

என் அக்கா ரூய்ஃபாங்குக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் குழந்தை இல்லை. போன வசந்தத்தில் அம்மா யாரிடமும் சொல்லாமல் மலையேறினாள். இரவுச் சாப்பாட்டின்போதுதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"பாலத்துக்கிட்ட இருக்கிற பெரிய மரத்துல வச்சிருக்கேன். சின்னக் கல்லுதான். அதை மட்டும் தொடாதீங்க."

அப்பா சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். "ஏம்மா, மலையில அத்தனை மரம் இருக்க, என் மரந்தான் கிடைச்சுதா?"

"உங்க மரம்னா நீங்க எடுக்க மாட்டீங்கன்னுதான்."

அப்பா எடுக்கவில்லை. வினையே அங்கேதான் தொடங்கியது. வெறும் கவட்டையைப் பார்த்தால் சிலராவது பேசாமல் போவார்கள். ஒரு கல் இருந்துவிட்டால் அது எல்லோருக்கும் அனுமதி. நான் சோள அடை கொண்டுபோன ஒரு மத்தியானம், ஒரு பெண் அப்பாவை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அது இருக்கலாம், என்னது கூடாதா? அது யாரோடது?"

"அது பழசும்மா."

"பழசா? மண்ணு கூட இன்னும் காயலையே!"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வைத்துவிட்டுப் போனாள். பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். அப்பா தினமும் மற்ற கற்களை எடுத்தார், அம்மாவுடையதை விட்டார், மறுநாள் அதே கூத்து. மழைக்காலம் வந்ததும் கவட்டையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு கண்டது. அடுத்த புயலுக்குக் கிளை தாங்காது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

அப்பா அம்மாவை மலைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். நானும் போனேன்.

"நல்லாப் பாரு. இது உன் வேலை."

"என் கல்லு உள்ளங்கை அளவு கூட இல்ல. இந்தப் பிளவு மத்தவங்க வச்ச கல்லால வந்தது."

"உன்னதைப் பார்த்துத்தானே அவங்க வச்சாங்க! எடு."

"நான் எடுக்க மாட்டேன். வச்ச கையாலயே எடுத்தா, பிள்ளை வேணாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

அப்பா பெருமூச்சு விட்டு, தானே எடுத்து அவள் கையில் வைத்தார். அம்மா அதைத் துடைத்தாள். பிறகு பாலத்தைத் தாண்டிப் படியேறத் தொடங்கினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், அப்பாவைப் போலவே கல் எடுக்கும் ஜியின் பொறுப்பு.

"அங்க ஜி இருக்கான். அவனும் எடுத்துடுவான்!" என்று கத்தினார் அப்பா.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடுக்கட்டும். அவன் என் புருஷன் இல்லல்ல!"