சுவரோரத்து நாற்காலி

1. நாற்பது நிமிடம்

முதல் கூட்டத்துக்கு நாங்கள் நான்கு பேரும் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டோம். ஆனால் கூட்டம் ஆரம்பிக்க நாற்பது நிமிடம் ஆனது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன், சிரித்துக்கொண்டே படியுங்கள்.

வீட்டில் அடி உதை வாங்கும் பெண்களுக்கு உதவும் ஒரு சிறிய மையத்தில், ஜொகூர் பாருவில், இருபத்திரண்டு வருடம் கேஸ் வொர்க்கராக இருந்தேன். அவர்களோடு போலீஸ் நிலையத்துக்குப் போவது, கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை வாங்குவது, ஷெல்டரில் இடம் பார்ப்பது எல்லாம் என் வேலை. வெளியூர்களில் எங்களுக்குத் தொண்டூழியர்கள் உண்டு. கூலாய்க்கு ராணி, பத்து பகாட்டுக்கு காக் இனா, கெலாங் பாத்தாவுக்கு தேவி. யாரிடம் படுக்கை காலி, எந்த ஸ்டேஷனில் எந்த சார்ஜன் பொறுமையாகக் கேட்பார் என்பதையெல்லாம் போனிலேயே பேசி முடிப்போம். ஒருவர் அடையாளம் வெளியே தெரிந்தாலும் மற்றவர்கள் மாட்டக்கூடாது என்பது பழைய ஏற்பாடு. அதனால் எட்டு வருடம் வெறும் குரலாகவே பழகினோம்.

பெயரும் உண்மைப் பெயர் கிடையாது. முன்பு ஒரு கணவன், எங்கள் ஆள் ஒருவரின் பெயரை வைத்தே விசாரித்து வீடு வரை போய்விட்டான். அதற்குப் பிறகு போனுக்கென்று தனிப் பெயர் வைத்துக்கொண்டோம். நான் லதா. கோயிலில் பாதர் என்னை என் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும். கிளினிக்கில் வேறு எவளோ லதாவைக் கூப்பிட்டதற்கு நான் எழுந்து போயிருக்கிறேன்.

போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு எங்கள் பாஸ் ஒரு நாள் சொன்னார்: "எட்டு வருசமா குரலோட குடும்பம் நடத்துறீங்க. மாசத்துல ஒரு சனிக்கிழம மூஞ்சியப் பாத்துச் சாப்பிடுங்க. கேஸ் மட்டும் பேசக்கூடாது."

"நீங்களும் வாங்க பாஸ்."

"நான் வந்தா அது மீட்டிங் ஆயிடும் லா."

எல்லாருக்கும் நடுவில் இருக்கிறது என்று ஆயர் ஈத்தாமில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பிடித்தோம். நான் போய்ச் சுவரோரமாக, கதவைப் பார்த்தபடி, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அடுத்த மேசையில் ஒரு மலாய் அம்மா, அவரும் சுவரோரம். எதிர் மூலையில் கண்ணாடி போட்ட ஒரு பெண். சமையலறை பக்கத்தில் குண்டாக ஒருத்தி. நான்கு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மலாய் அம்மா என்னை அடிக்கடி பார்த்தார். எந்தக் கேஸின் மாமியாரோ வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முறைத்தேன். அவரும் முறைத்தார்.

சமையலறை பக்கத்தில் இருந்தவள் பாலும் சீனியும் இல்லாத இன்னொரு தேநீர் கேட்டாள். "தே ஓ கொசோங், நல்லா சூடா குடுங்க தம்பி." அந்தக் குரலை எனக்குத் தெரியும். எட்டு வருடம் காதில் விழுந்த குரல்.

"ராணியா?" என்றேன்.

"லதாக்காவா? அலமாக், நீங்க இவ்ளோ ஒல்லியா?"

மலாய் அம்மாதான் காக் இனா; காக் என்றால் மலாயில் அக்கா. கண்ணாடிக்காரி தேவி. மேசையை ஒன்றாக இழுத்துப் போட்டோம். அப்புறமும் யாரும் கதவுக்கு முதுகு காட்ட மாட்டோம் என்கிறோம். கடைசியில் நான்கு பேரும் ஒரே பக்கம், கல்யாணத்தில் பெண் வீட்டார் மாதிரி வரிசையாக உட்கார்ந்தோம். தேநீர் கொண்டுவந்த தம்பி காலியாக இருந்த எதிர் நாற்காலிகளைப் பார்த்து, "மத்தவங்க இன்னும் வரலயா?" என்று கேட்டான்.

2. கேஸ் பேசாத சனிக்கிழமைகள்

கேஸ் பேசக்கூடாது என்றால் எங்களுக்கு முதலில் பேசவே ஒன்றும் வரவில்லை. பிறகு மெல்ல வந்தது. காக் இனாவின் பூனைகள் ஐந்து. தேவி தினமும் செகண்ட் லிங்க் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள், விடிவதற்கு முன்பே எழுந்து பஸ் பிடிக்கும் கதையை அழுதுகொண்டே சிரிக்கிற மாதிரி சொல்வாள். ராணிக்குப் பூச்செடிப் பைத்தியம். சாப்பிட்டு முடித்ததும் எங்களை இழுத்துக்கொண்டு பக்கத்துத் தொட்டிக் கடைக்குப் போவாள். அந்தக் கடையை நடத்தும் சீன ஆன்ட்டி எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். ராணியும் அவரும் மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாங்கள் மூன்று பேரும் காரில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கும் மூக்கு வெளியே பார்க்க, உடனே ஓட்டிக்கொண்டு போகத் தோதாக நிற்கும். யாரும் சொல்லி வைத்து நிறுத்தவில்லை.

எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் மிகவும் பிடித்துப்போயின. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது தோழிகள் கிடைப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனாலும் ஒருவர் வீடு ஒருவருக்குத் தெரியாது, ஒருவர் சொந்தப் பெயர் ஒருவருக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று பழகியிருந்தோம்.

3. ஒரு போன்

ஆகஸ்டு வாக்கில் ராணி ஒரு பெண்ணையும் இரண்டு பிள்ளைகளையும் வெளியே கொண்டுவந்தாள். நான்கு மாதம் பேசிப் பேசி, கடைசியில் தன் காரிலேயே ஏற்றி வந்து ஷெல்டரில் விட்டாள். மூன்றாம் வாரம் அந்தப் பெண் கணவனிடமே திரும்பிப் போய்விட்டாள்.

அன்று காலை ராணி என்னைக் கூப்பிட்டாள். நான் கோர்ட் வாசலில் நின்றிருந்தேன், உள்ளே என் கேஸைக் கூப்பிடும் நேரம்.

"லதாக்கா, அவ போயிட்டாக்கா."

"தெரியும். ஷெல்டர்ல சொன்னாங்க."

"அந்தச் சின்னது என் கையப் புடிச்சிக்கிட்டு விடவே இல்லக்கா அன்னிக்கு."

"ராணி, அது அவங்க முடிவு. கதவத் திறந்து வைக்கிறதுதான் நம்ம வேல. இது உங்களுக்குத் தெரியாததா? அடுத்த கேஸப் பாருங்க. நான் உள்ள போவணும்."

போனை வைத்துவிட்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பயிற்சியில் நானே நூறு முறை சொல்லிக் கொடுத்தவை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து ராணியின் போன் அடைத்தே கிடந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் ஆயர் ஈத்தாமுக்கும் வரவில்லை.

4. எந்தப் பெயரில் ரிப்போர்ட்?

காக் இனாதான் முதலில் அதைச் சொன்னார். திரும்பிப் போன அந்தப் பெண்ணின் போனை கணவன் பார்த்திருந்தால்? ராணியின் நம்பர் அதில் இருக்குமே? நாங்கள் மூன்று பேரும் வாங்கிய ரொட்டியைத் தொடவில்லை.

"போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கலாம் ஆன்ட்டி," என்றாள் தேவி.

"எந்தப் பேருல?" என்றேன்.

ராணி என்று ஒருத்தி கிடையாது. வீடு எங்கே, தெரியாது. கணவர் உண்டா, பிள்ளைகள் உண்டா, தெரியாது. தே ஓ கொசோங் சூடாகக் குடிப்பாள், செம்பருத்தி என்றால் உயிர், சிரித்தால் தோள் குலுங்கும். இதை வைத்துக்கொண்டு எந்த சார்ஜனிடம் போய் நிற்பது?

பாஸ் மையத்து அலமாரியைத் திறந்து, ராணி சேர்ந்தபோது நிரப்பிய பாரத்தைத் தேடினார். ராணியைச் சேர்த்துக்கொண்ட அம்மா எப்போதோ வேலையை விட்டுவிட்டார். பாரத்தில் பெயர் ராணி என்றே இருந்தது. விலாசம் ஒரு எஸ்டேட் லயம், தொழிலாளர் வீட்டு வரிசை. அந்த லயத்தை இடித்து, செம்பனைத் தோட்டத்தையும் வெட்டி, இப்போது அங்கே தொழிற்சாலை நிற்கிறது.

ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்து வைப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். எங்களில் ஒருத்தியை அப்படியே ஒளித்து வைத்துவிட்டோம். ஆபத்தில் இருக்கிறாளோ என்ற பயம் ஒரு பக்கம், என் பேச்சால்தான் போய்விட்டாளோ என்ற குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை.

5. தையல் வகுப்பு

தேவிக்குத்தான் ஞாபகம் வந்தது. ஜூலையில் ராணி ஒரு பெரிய தாமரைத் தொட்டிக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவள் காரில் ஏறாது, கடை லாரியில்தான் அனுப்ப வேண்டும். அப்படியானால் சீன ஆன்ட்டியிடம் விலாசம் இருக்கும். மூன்று பேரும் ஆயர் ஈத்தாமுக்கு ஓடினோம்.

ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "கஸ்டமர் வீடு சொல்ல முடியாது லா."

"நாங்க அவங்க கூட்டாளிங்க ஆன்ட்டி. மாசாமாசம் பாக்குறீங்களே எங்கள," என்றேன்.

"கூட்டாளிக்கு வீடு தெரியாதா? அவங்க சொல்லல, நான் எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே கோபம் போன இடம் தெரியவில்லை. என் வாழ்நாள் முழுக்க நான் ஊருக்குச் சொல்லி வந்ததைத்தான் அவர் செய்தார். தெரிந்தவன், சொந்தக்காரன், அக்கறைப்பட்டவன் என்று எவன் வந்து கேட்டாலும் ஒரு பெண்ணின் விலாசத்தைக் கொடுக்காதே.

ஆன்ட்டி எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கினார். "தொட்டி வந்திருச்சி. புதன்கிழம லாரி போவுது. கடுதாசி குடுங்க, உள்ள வச்சி அனுப்புறேன்."

நான் உடனே எழுதினேன்: "தையல் வகுப்பு அடுத்த சனிக்கிழமை, வழக்கமான இடத்தில்." கையெழுத்து இல்லை. தேவி அதை மலாயில் சொன்னதும் காக் இனா திருப்தியாகத் தலையசைத்தார். வேறு யார் கையில் சிக்கினாலும் ஆபத்தில்லாத கடிதம். பெண்களுக்கு நாங்கள் இப்படித்தான் எழுதுவோம்.

ஆன்ட்டிக்குத் தமிழ் படிக்க வராது, என்ன எழுதினேன் என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"ஆளக் காணோம்னு அழுவுறீங்க. தையல் கிளாசுக்கா கூப்பிடுறீங்க?"

தேவி சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள். நான் அதைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினேன். அவள் ஆபத்தில் இருந்தால் இது யார் கையில் போகுமோ என்று யோசித்தேன். அதனால் அந்தக் கேஸைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்:

"அன்று நீங்கள் பேச வந்தீர்கள், நான் பாடம் நடத்தினேன். என் மேல்தான் தப்பு. உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பேச முடியும்போது கூப்பிடுங்கள், முடியாவிட்டாலும் நாங்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்போம். ஆரோக்கியமேரி."

காக் இனா என் பெயரைக் கேட்டு, மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "பாஞ்ஜாங்ஞா நாமா," என்றார். இவ்வளவு நீளப் பெயரா என்று அதிசயப்பட்டார். எட்டு வருடத்தில் அன்றுதான் அவருக்கு என் பெயர் தெரிந்தது.

6. கூப்பிட்டாள்

வியாழக்கிழமை காலை, நான் வீட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர்.

"ஆரோக்கியமேரின்னா யாருக்கா? நாலு நிமிசம் யோசிச்சேன்."

நான் துணிக்கூடை பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ராணி, பத்திரமா இருக்கீங்களா? இப்ப பேச முடியுமா?"

அந்தப் பக்கம் அவள் அழுதாள். ஹாட்லைனை எடுத்ததும் முன்பின் தெரியாத பெண்ணிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகள் அவை. அன்று கோர்ட் வாசலில் அவளிடம் நான் அவற்றைக் கேட்கவில்லை.

எந்தக் கணவனும் வரவில்லை. அவள் கூலாய் பக்கத்துச் செடெனாக்கில் தன் வீட்டில்தான் இருந்தாள். போன் மணியைக் கேட்கவே முடியாமல் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"அன்னிக்கு நான் கேஸப் பத்திப் பேசக் கூப்பிடலக்கா. எனக்கு முடியலன்னு சொல்லக் கூப்பிட்டேன்."

"தெரியுது ராணி. இப்ப தெரியுது."

"என் பேரு பரமேஸ்வரிக்கா."

7. கடைசிச் சனிக்கிழமை

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, நான் ஓய்வு பெறும் மாதம். அவள் வருவதாகச் சொல்லியிருந்தாள். வருவாளா என்று பதினொரு மணி வரை நிச்சயமில்லை. காக் இனா, தேவி, நான் என்று வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கையில் செம்பருத்திப் பதியன் மூன்று, ஆளுக்கொன்று. அன்று சுவர்ப் பக்கம் மூன்று நாற்காலிதான் போட்டிருந்தார்கள், எல்லாம் நிறைந்திருந்தன. அவள் தயங்கி நின்றாள்.

வேலையில் கற்றது என்ன என்று கேட்கிறீர்கள். சட்டம், பாரம், கோர்ட் நடைமுறை எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். பக்கத்தில் வேலை செய்கிறவளிடமும் முதலில் பத்திரமா, பேச முடியுமா என்ற அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். அவள் சொந்தப் பெயரையும் வீட்டையும் ஒருத்தியாவது தெரிந்து வைத்திருங்கள்.

நான் எழுந்தேன். "பரமேஸ்வரி, இங்க உக்காருங்க."

"அப்ப நீங்க?"

எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக என் முதுகு கதவுப் பக்கம் இருந்தது. மூன்று முகமும் எனக்கு நேராகத் தெரிந்தன.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. என் கழுத்து தானாகத் திரும்பப் போனது.

"ஒரு குடும்பம்தான்க்கா," என்றாள் பரமேஸ்வரி. "அம்மா, அப்பா, ரெண்டு பிள்ளைங்க. நான் பாத்துக்கிறேன். நீங்க சாப்பிடுங்க."

நான் திரும்பவில்லை. சாப்பிட்டேன்.