வெளியே போ என்றேன், போய்விட்டாள்

மைதானத்தில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. சேலத்தில் ஒரு கல்லூரியில் பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கும் வேலை எனக்கு. பதினெட்டு வருஷமாகக் கொடுக்கிறேன். கொடுக்கிறேன் என்ன, திட்டித் தீர்க்கிறேன். எருமை, சோம்பேறி, மூட்டை என்று ஆளுக்கொரு பட்டம். என்னை ஓட வைத்தவரும் அப்படித்தான் செய்தார். மெடல்களும் வந்துகொண்டிருந்ததால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. "வெளியே போ, நாளையிலிருந்து வராதே" என்று நான் கத்தினால் எந்தப் பெண்ணும் போய்விட மாட்டாள். ஓரத்து வேப்பமரத்தடியில் ஷூவைக் கழற்றாமல் நிற்பாள். மறுநாளும் வந்து நிற்பாள். அழுது அழுது கண் வீங்கியிருக்கும். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, மனது இறங்கியதும், "என்னடி வேடிக்கை, ஓடு" என்பேன். அன்றைக்கு அவள் ஓடுகிற ஓட்டமே வேறு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, சீனியர்களைப் பார்த்துப் பழகிக்கொள்வார்கள். என் காலத்தில் நானும் அப்படி நின்றவள்தான்.

அந்த வருஷம் முதலாம் ஆண்டில் ஏற்காடு மலையிலிருக்கும் நாகலூர்ப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அப்பா அம்மா இருவரும் காப்பி எஸ்டேட்டில் வேலை. நன்றாக ஓடுவாள் என்பதற்காகவே கல்லூரியில் இடமும் ஹாஸ்டலில் அறையும் கொடுத்திருந்தோம். மேட்டில் ஓடும்போது மற்றவர்கள் நாய் மாதிரி இரைப்பார்கள், இவளுக்கு மூச்சு வாங்கவே வாங்காது. பல்கலைக்கழகப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முதலிடம் இவளுக்குத்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் வந்துவிடுமாம், என் நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பனூரிலிருந்து மலைப்பாதையில் எல்லோரையும் ஓட விட்டு, பின்னால் வேனில் வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் இவள் ஓட்டத்தை விட்டுவிட்டு நடந்தாள். கூட ஓடியவளுக்கு வயிற்றுவலி, அவளைத் தாங்கிக்கொண்டு நடக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன். இவளுக்கு ரோஷம் ஏற்ற அதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நினைத்தேன். "உனக்கெல்லாம் எதுக்கு ஓட்டம்? எஸ்டேட்ல போய்ப் பழம் பறி. நாளையிலிருந்து மைதானத்துப் பக்கம் வராதே." எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை வேப்பமரத்தடியில் அவளைக் காணோம். ரோஷக்காரி, நாளைக்கு வருவாள் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன். செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை ஹாஸ்டலில் போய்க் கேட்டால், ஞாயிறு சாயங்காலமே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாளாம். கல்லூரி கொடுத்த ஷூவைக் கழுவிக் காயவைத்து, சீருடையை மடித்து, என்னிடம் சேர்த்துவிடும்படி வார்டனிடம் கொடுத்திருக்கிறாள். போன் போட்டால் எடுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அவளைக் கூட்டிவர ஏற்காடு பஸ் பிடித்து, அங்கிருந்து நாகலூருக்குப் போனேன்.

பழம் பறிக்கிற பருவம். செடிகளுக்கு நடுவில் பெண்கள் இடுப்பில் பை கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மூன்றாவதாக அவள் நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தாள். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. பின்னாலேயே அவள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைக்கு ஓட்டம் வராதுன்னு இப்பவே சொல்லிப்போட்டீங்க. ரெண்டு வருசம் இழுத்துக் கடைசில சொல்லாம விட்டீங்களே, அதே நொம்ப உபகாரமுங்க."

எனக்கு நன்றி சொல்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த நன்றியைத் தாங்க முடியவில்லை. ஹாஸ்டலை எதற்குக் காலி செய்தாய், உன்னைக் கல்லூரியை விட்டே போகச் சொன்னது யார் என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் குழறினேன்.

"ஓடறதுக்குத்தானுங்க மேடம் ரூம் குடுத்தாங்க," என்றாள். "ஓட வேண்டாம்னு ஆன பொறகு அதுல எப்படிங்க இருக்கறது?"

அவள் பிறந்து வளர்ந்த, எஸ்டேட் கொடுத்த லைன் வீடு அப்படிப்பட்டது. எஸ்டேட்டில் வேலை இருக்கிறவரை வீடு, வேலை போனால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். காலையில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பேர் கூப்பிடும்போது, உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டால் யாரும் ஓரத்தில் போய் நிற்பதில்லை. அடுத்த வேலையைத் தேடிப் போய்விடுவார்கள். சொன்ன பிறகும் நிற்பது அங்கே மரியாதை இல்லாத காரியம். மூன்று மாதம் என் கண்ணெதிரில் ஓடிய பெண்ணைப் பற்றி இதெல்லாம் நான் ஒரு நாளும் யோசித்ததே இல்லை.

"அதெல்லாம் சும்மா சொல்றது கண்ணு. ரோஷம் வரட்டும்னு சொல்றது. யாரும் அதை மனசுல வச்சுக்க மாட்டாங்க," என்றேன்.

அம்மாவின் கை என் கையிலிருந்து நழுவியது. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பெண் கோபமே இல்லாமல், பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்.

"சேர்ந்த அன்னிக்கு, உன்னாட்டம் ஓடற புள்ளைய நான் பாத்ததே இல்லைன்னு சொன்னீங்க மேடம். அதுவும் ரோஷம் வரட்டும்னு சொன்னதுங்களா?"

அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. சேருகிற அன்று எல்லோரிடமும் ஏதாவது சொல்வது என் வழக்கம். பதினெட்டு வருஷமாகப் பேசியதில் எதை மனசாரச் சொன்னேன், எதை வேலைக்காகச் சொன்னேன் என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"இல்ல கண்ணு, அது நெசம்," என்றேன். அதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். அவ்வளவு நேரமும் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே மேஸ்திரி யாரையோ சத்தம் போட்டார். "வரட்டுங்களா மேடம்" என்று சொல்லிவிட்டு, பையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசைக்குப் போனாள். போட்டி அவள் இல்லாமலே நடந்தது.