ஆபரேஷன் லொறி

எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், வாசித்ததையெல்லாம் நம்பினேன்.

அக்கா கொழுந்து பறிப்பவள். இரண்டு பிள்ளைகள், இளையது கைக்குழந்தை. இன்னும் மூன்று வருஷத்துக்குப் பிள்ளை வேண்டாம், அதற்குப் பிறகு ஒன்று வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். ஆனால் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயா, வியாழக்கிழமை லொறிக்கு அவளையும் எழுதிவிட்டார். பிள்ளைப்பேற்றை அடியோடு நிறுத்தும் ஆபரேஷனுக்காகப் பெண்களை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற லொறி அது. போனால் சம்பளத்தோடு லீவும் உண்டு.

நான் கொதித்தேன். நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். 'எமது இனத்தைக் கருவறுக்கும் உள்நோக்கம்' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தேன். அக்காவையும் இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன்.

ஐயா மனுவை வாங்கவில்லை. "நீயே வாசி தம்பி, எனக்குக் கண்ணாடி இல்ல" என்றார். மருந்துக்கு நின்ற பெண்கள் முன்னால் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

"யாருக்குப்பா உள்நோக்கம்? எனக்கா?" என்றார் ஐயா. "இங்க பஞ்சுக்கே வழியில்ல, சதிக்கு எங்க போவேன்? ஆறாவது பிரசவத்துல ஒருத்தி இந்தப் பெஞ்சிலேயே செத்துப்போனா. அதப் பாத்துட்டுத்தான் எழுதுறேன். எம் பொண்டாட்டியும் இதே ஆபரேஷன் செஞ்சவதான்."

அவர் பொய் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மூன்றாம் பக்கத்தை என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை.

குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு அக்கா முன்னே வந்தாள். "எங்க லயத்துத் தொரை, என் தம்பி, உங்க மனசத் தோண்டிக்கிட்டு இருக்காருங்க ஐயா. அத விடுங்க. எனக்குப் புள்ளையத் தள்ளிப்போடுற மாத்திரைதான் வேணும். அது எங்க குடுக்குறாங்க?"

"டவுன் ஆஸ்பத்திரியில. செவ்வாய்க்கிழமை காலையில."

"செவ்வாய்க்கிழமை நான் மலையில கொழுந்தெடுக்க நிக்கணும். போனா அன்னைக்குச் சம்பளம் இல்ல, லொறியும் இல்ல. ஆபரேஷன்னா மட்டும் லொறி வருது, லீவும் வருது."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் புள்ள. தோட்டத்து ஆளு வரக்கூடாதுன்னு அங்க போர்டா மாட்டியிருக்கு?"

"போர்டு எதுக்குங்க? செவ்வாய்க்கிழமையே போதுமே."

வரிசை சிரித்தது. ஐயாவும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"டவுன்காரி நடந்து போயி மாத்திர வாங்கிக்கிறா. புள்ள வேணாம்னா தள்ளிப்போடுறா, வேணும்னா பெத்துக்கிறா" என்றாள் அக்கா. "நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க, நான் இல்லன்னு சொல்லல. நல்லதுக்கு செஞ்சாலும் கெட்டதுக்கு செஞ்சாலும் எனக்கு இருக்கிறது ஒரே வழிதானே?"

நாலு பக்கத்தில் நான் சொல்ல மறந்தது அதுதான். மனுவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அது அங்கே உப்பலாக நின்றது.

ஐயா பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். "எட்டு ஆளு அனுப்பணும்னு மேலேயிருந்து சொல்லியிருக்காங்க" என்றார், அக்காவிடம் அனுமதி கேட்பவர் போல.

"ஏழு ஆளுன்னா லொறி கிளம்பமாட்டேங்குமா?"

அவர் அக்காவின் பெயரை அடித்தார். லொறியைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றக் கேட்டு தோட்ட ஆபீசுக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதினார். மூன்றே வரி. என் மனுவைவிட அது வேலை செய்தது.

செவ்வாய்க்கிழமை அக்காவும் அதே லொறியில் ஏறினாள். மற்றவர்கள் ஆபரேஷன் வாசலுக்குப் போக, அவள் கிளினிக் வாசலுக்குப் போனாள். மாத்திரை அட்டைகளோடு திரும்பினாள். மாத்திரைக்கு லீவு கிடையாது என்று ஆபீசில் அன்றைய சம்பளத்தை வெட்டிவிட்டார்கள்.

"இதுக்கு யாரு மனசத் தோண்டப் போற?" என்று கேட்டாள்.

"யாரு மனசையும் இல்ல. சம்பளத்த மட்டும் கேட்டு எழுதுறேன்" என்றேன்.

"அரைப் பக்கத்துக்கு மேல போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு, குழந்தையை என்னிடம் தந்துவிட்டு மலைக்குப் போனாள். குழந்தை மடியில் இருந்ததால், அரைப் பக்கத்துக்கு மேல் எழுதவும் முடியவில்லை.