பங்களாவைச் சுற்றி இருபத்திரண்டு குழி

ருக்குமணியின் பிள்ளை மாசி மாதம் காய்ச்சலில் போனது. அதற்குப் பிறகு அவள் அழவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. சங்கு ஊதினால் எழுந்தாள். உபி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்துப் புருஷன் சிங்காரத்துக்குப் பாதி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்து வீட்டுக்காரியை யாரோ கூப்பிட்டதுபோல மெல்லத் திரும்பிப் பார்ப்பாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்கள் கொஞ்சநாள் பரிதாபப்பட்டார்கள், பிறகு அவளுக்கும் சேர்த்துத் தாங்களே பேசிக்கொள்ளப் பழகினார்கள்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்கார துரை ஓடிப்போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பங்களாவில் இப்போது ஜப்பான் துரை. முதலில் வந்து தங்கிய சிப்பாய்கள், அடிச்சுவரை ஒட்டி நின்ற பழைய பூச்செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சர்க்கரைவள்ளி நட்டிருந்தார்கள். கிழங்கைத் தோண்டித் தின்ற பிறகு அந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. அஸ்திவாரக் கல் பாசி பிடித்துப் பல்லைக் காட்டியது. தானா ராத்தா ஊர் வழியாகப் பெரிய ஆபீசர் ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறாராம். அதற்குள் வீட்டைச் சுற்றிச் செடி நிற்க வேண்டும், அதுவும் பூவோடு நிற்க வேண்டும் என்பது உத்தரவு.

காலையில் ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரட்டுக் களத்துக்குக் கணக்கெழுதும் கிராணி ஹரோல்ட் ஒரு காகிதத்தோடு வந்தார். அதில் ஜப்பான் துரை தன் கையாலேயே பென்சிலில் ஒரு பூ வரைந்திருந்தார். ஐந்தாறு இதழ், நடுவில் கற்றையாக நூல்.

"இந்தப் பூ அவங்க ஊர்ல வீட்டைச் சுத்தி நிக்குமாம். இங்க எங்க கிடைக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க லா."

காகிதம் கை மாறி வந்தது. ருக்குமணி பார்த்தாள்.

"தேயிலைப் பூ," என்றாள்.

களம் முழுக்கச் சிரித்தது.

"அடியே, வாசல்லயே தேயிலையை வச்சா, துரை எந்திரிச்சதும் கூடையை மாட்டிக்கிட்டுக் கொழுந்து கிள்ளணுமே!" என்றாள் தங்கம்மா, அடுத்த வீட்டுக்காரி.

"நனைஞ்ச இலைன்னு துரைக்கும் நிறுவையில கழிப்பீங்களா கிராணியய்யா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

கிராணி சிரிக்கவில்லை. கொழுந்து எடுக்காமல் விட்ட காட்டுக்குப் போய் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார். துரை அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாராம். தங்கள் ஊர்ப் பூவின் தங்கச்சி மாதிரி இருக்கிறது என்று அரைகுறை மலாய் மொழியில் சொன்னாராம்.

சாயங்காலம் ஹரோல்ட், சிங்காரத்தையும் ருக்குமணியையும் கூப்பிட்டார்.

"சிங்காரம், சயாம் ரயில் வேலைக்கு எடுத்த புது லிஸ்டுல உன் பேரு இருக்கு. வெள்ளிக்கிழமை லோரி வருது. பங்களா தோட்டத்துக்கு ஒரு ஆளை நிறுத்திக்கலாம்னு துரைகிட்ட கேட்டு வாங்கியிருக்கேன். பூச்செடி அவருக்குப் பிடிச்சா நீ இங்க. பிடிக்கலைன்னா லோரியில."

சயாமுக்குப் போனவர்களில் ஒருத்தரும் அதுவரை திரும்பவில்லை. சிங்காரம் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டான். ருக்குமணி கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த லயத்துத் தகரத்தில் பெய்கிற மழைபோல அது அவளுக்குக் கேட்டது.

ஆனால் வேலையில் அவள் குறை வைக்கவில்லை. பங்களாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கூரைத் தண்ணீர் விழுந்து மண்ணில் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே எதுவும் வேண்டாம், சுவர்ப்பலகை ஈரம் காயாமல் மக்கிப்போகும் என்றாள். கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் குழி. சன்னலுக்குக் கீழே குட்டையானது, மூலைக்கு உயரமானது.

"மூலைக்குக் கற்பூர மரம் வைப்போமா? சட்டுனு வளரும்," என்றான் சிங்காரம்.

"வேர் கல்லைப் பேத்துடும். தேயிலை வேர் நேரா கீழ போகும். சுவத்துப் பக்கம் திரும்பாது."

பழைய செடியைப் பெயர்த்தால் பிழைக்காது. வெள்ளைக்கார துரை ஓடுவதற்கு முந்தின வருஷம் நட்ட இளங்காட்டில், கத்தி படாமல் இடுப்பளவு வளர்ந்து மொட்டுவிட்டு நின்றவற்றில் இருபத்திரண்டைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு நாள் குனிந்தே இருந்து, வேர்மண் உதிராமல் தோண்டிச் சாக்கில் கட்டினாள். சிங்காரம் இருபத்திரண்டு குழி வெட்டினான்.

வெள்ளிக்கிழமை விடியும்போது பங்களாவை மூடிக்கொண்டு மூடுபனி. சிங்காரம் இரண்டு தகர டின்னோடு ஆற்றுக்கு இறங்கினான். ருக்குமணி முதல் குழியருகே உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தாள்.

பதினாலு வயதில் அவள் இந்த மலைக்கு வந்தபோது இங்கே தேயிலையே இல்லை, காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கன்று நடுவதுதான் அவளுடைய முதல் வேலை. எடு, சாண் உயரத்தில் தலையை வெட்டு, குழியில் இறக்கு, மிதி. தலையோடு நட்டால் இலை தண்ணீரையெல்லாம் குடித்துவிடும், வேர் பிடிக்காது. வெட்ட மறந்தால் கங்காணியின் பிரம்பு விரல் முட்டியில் விழும். மூன்று வருஷம், எத்தனை ஆயிரம் கன்றோ.

இடது கை செடியைப் பிடித்தது. வலது கை இடுப்பிலிருந்த, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தது. எடு, வெட்டு, இறக்கு, மிதி. அடுத்தது.

சிங்காரம் தண்ணீரோடு ஏறி வந்தபோது பத்தொன்பது முடிந்திருந்தது. சுவரைச் சுற்றிச் சாண் சாணாகக் குச்சிகள் நின்றன. மொட்டும் பூவுமாக வெட்டிய தலைகள் அவள் பக்கத்தில் குவிந்து கிடந்தன.

"ருக்கு."

அவள் நிமிர்ந்தாள்.

"பூவு..."

அவள் குவியலைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"வெட்டாம நட்டா செத்துப்போகும்," என்றாள்.

"தெரியும் புள்ள." தண்ணீர் சிந்தாமல் டின்னை இறக்கி வைத்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

ஹரோல்டும் துரையும் வந்தார்கள்.

"யாருய்யா இது? யாரு வெட்டுனது?" கிராணி கத்தினார்.

"நாந்தாங்கய்யா. கைப்பழக்கம்," என்றான் சிங்காரம்.

நான் என்ற சொல் ருக்குமணியின் நெஞ்சுக்குள் இருந்தது. அது மேலே வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. துரை பத்தொன்பது குச்சிகளையும் சாக்கில் மீதமிருந்த மூன்றையும் பார்த்தார். சுருக்கமாக ஏதோ சொன்னார். கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை.

பத்து மணிக்கு லோரி வந்தது. சிங்காரம் ஒரு கம்பளியும் ஈயத்தட்டும் எடுத்துக்கொண்டான்.

"கத்தியைத் தங்கம்மாகிட்ட குடுத்திருக்கேன். உனக்கு வேணாம்," என்றான். "மிச்சம் மூணையும் நட்டுடு. குழி சும்மா கெடக்குது."

லோரி வளைவு திரும்பும்வரை தங்கம்மா கத்தி அழுதாள். ருக்குமணி பங்களாவுக்குப் போய் மூன்று செடிகளையும் பூவோடு நட்டாள். பிற்பகல் மழையில் பெரிய ஆபீசர் வந்தார். குடைக்குள்ளேயே படியேறினார், உள்ளே தேநீர் குடித்தார், குடைக்குள்ளேயே இறங்கிப் போனார். சுவரடியை அவர் பார்க்கவே இல்லை.

ஐந்தாம் நாள் அந்த மூன்று செடிகளின் இலை தொங்கியது. பதினைந்தாம் நாள் புகையிலையாகச் சுருண்டு கருகியது. இரண்டு மாதம் கழித்து ஹரோல்ட் வந்து சுவரோரமாக ஒரு சுற்று நடந்தார். பத்தொன்பதிலும் பச்சை தெரிந்தது.

"ருக்குமணி, வெட்டி நட்டதுதாம்மா சரி. துரையும் பாத்துட்டாரு. உன்னையே தோட்டத்துக்கு வச்சுக்கச் சொல்லிட்டாரு." குனிந்து ஒரு குச்சியின் துளிரைத் தொட்டுப் பார்த்தார். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா..."

அவள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வெட்டுனா துளிர்க்கும்ங்கய்யா," என்றாள்.

அவர் போனபின், இரண்டிலையும் மொட்டுமாக நீட்டிக்கொண்டிருந்த துளிரை நோக்கி அவள் விரல்கள் தாமாகப் போயின. அவற்றை மடக்கிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.