ஒரு தாளில் மட்டும் சிவப்பு வட்டம்

எதிர் வீட்டுக்காரி என்னோடு சண்டைக்கு வந்தது ஒரே ஒரு மார்க்குக்காக. என் மகள் இங்கே விருத்தாசலத்தில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் முதலாவது வருகிற பெண்ணுக்கு ஆண்டு விழாவில் கேடயம் கொடுப்பார்கள். அது மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்ணுக்கு என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள். எதிர் வீட்டுப் பெண் ஒரு மார்க்கில் விட்டுவிட்டாள்.

"யக்கா, உங்க பொண்ணு வேணும்னே எங்க புள்ளைக்குக் கொறச்சிட்டா."

"எம் பொண்ணா? அவ தராசு மாதிரிடி."

"தராசுதான்! எங்க வூட்டுத் தட்டை மட்டும் கையால தூக்கிப் புடிச்சிருக்குது."

எனக்கு வந்ததே கோபம். அந்தப் பெண் பாதி நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் கூடத்தில் படிக்கிறவள். "எம் பொண்ணு கையில தப்பே வராது" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் மகளிடம், "அந்த ரெண்டு தாளையும் காட்டு" என்றேன்.

"உனக்கு என்னாம்மா புரியும்?"

நான் மூன்றாவது வரை படித்தவள். கணக்கு புரியாதுதான். ஆனால் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பிரித்தவள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதில் புள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தாள்களையும் அப்படித்தான் தரையில் வைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே விடை. ஒன்றில் மட்டும் விடைக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம். இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, அதே தாளில் இன்னொரு வட்டம்.

"இது என்னாத்துக்கு?"

"செ.மீ. போடலை. அதான் அரை மார்க் கொறச்சேன்."

"அந்த மங்கலம்பேட்டைப் பொண்ணு போட்டிருக்குதா?"

மகள் அடுத்த தாளை எடுத்தாள். புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள்.

"அவளும் போடலைம்மா. ரெண்டு எடத்துலயும்."

முகம் சுருங்கிவிட்டது. "நம்ம வூட்டுல சாப்பிடுற புள்ளைக்கு அள்ளிப் போட்டுட்டேன்னு யாராச்சும் சொல்லிடுவாங்களோன்னு, அவ தாளை மட்டும் ரெண்டு தடவ பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் இதைச் செய்தவள்தான். என் தங்கை வார்த்த பொம்மைகளைப் பிரிக்கும்போது, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து நல்லதையும் கழிவுக் கூடையில் போட்டேன். அதன் பிறகு, சொந்தக்காரி வார்த்ததைச் சொந்தக்காரி பிரிக்கக் கூடாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மகள் தலைமை ஆசிரியரிடம் தானே போய்ச் சொன்னாள். மங்கலம்பேட்டைப் பெண்ணுக்கும் இரண்டு அரை மார்க் குறைந்தது. இருவரும் சமம். பழைய காகிதத்தைக் கிழித்து, இரண்டு பேரையும் முதலாவது என்று ஒட்டினார்கள்.

நான் தெருவைக் கடக்க வேண்டியதாயிற்று. பத்தடித் தெரு அன்றைக்கு நீளமாக இருந்தது.

"வாங்க யக்கா. தராசு என்னா சொல்லுது?"

"முள்ளு நடுவுல நிக்குதுடி. தப்பு எங்க மேலதான். டீ போடு."

"சக்கர தூக்கலா போடவா, கொறச்சிடவா?" என்று கேட்டாளே பார்க்கலாம்!

கேடயம் ஒன்றுதான். விழாவில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அது மங்கலம்பேட்டையில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துத்தான் எங்கள் தெருவுக்கு வரும். எதிர் வீட்டுக்காரி சுவரில் ஆணி அடித்துவிட்டாள்.